செனட் மாளிகையில் வகுப்பறை எங்கே?

சேப்பாக்கம் நடையர்:

காலை நடைக்கு நேப்பியர் பாலத்தில் தொடங்கி உழைப்பாளர் சிலை வரை வந்து திரும்புவது என் பல வருட வழக்கம். சென்ற வாரம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் உடன் வந்தாள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "தாத்தா, இதற்குள் எந்த வகுப்பு நடக்கும்?" என்று கேட்டாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. நானும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன்தான். ஆனால் படித்தது வேறோர் ஊரில், வேறொரு கல்லூரியில். செனட் மாளிகைக்குள் ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

நான்கு மூலையில் நான்கு கோபுரம், மேலே குவிமாடம், நடுவில் ஒரே ஒரு பெரிய கூடம். இத்தனை பெரிய கல்விக் கட்டடத்தில் வகுப்பறைகளின் வரிசையே தென்படவில்லையே, ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழந்தைக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

ஏட்டுக்கட்டு:

ஐயா, பேத்தி கேட்டது மிக நல்ல கேள்வி. அந்தக் கட்டடத்தின் வடிவம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழியே பிறந்தது. அதே ஆண்டில்தான் கல்கத்தாவும் பம்பாயும் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. இங்கேயும் அப்படித்தான். மாநிலக் கல்லூரி, கிறித்துவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, கும்பகோணம் அரசுக் கல்லூரி என்று மாணவர்கள் எங்கெங்கோ படித்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்தது கேள்வித்தாளும் பட்டச் சான்றிதழும்தான். 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்த பிறகுதான் பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிப்பதற்கு வழி பிறந்தது.

ஆகவே 1870களில் இந்தக் கட்டடத்தைத் திட்டமிட்டவர்கள் முன்னால் இருந்த தேவை மூன்றே மூன்று: தேர்வு எழுத இடம், பல்கலைக்கழகத்தை நடத்தும் அவையான செனட்டின் உறுப்பினர்கள் கூடிப் பேச இடம், ஆண்டுக்கு ஒருமுறை பட்டமளிப்பு விழா நடத்த இடம். மூன்றையும் ஒரு பெருங்கூடத்தால் நிறைவேற்றிவிடலாம். வகுப்பறையை விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அதற்கு அன்று தேவையே இருக்கவில்லை.

சேப்பாக்கம் நடையர்:

இப்போது விளங்குகிறது. அப்படியானால் 1857க்கும் 1870களுக்கும் இடையில் பட்டமளிப்பு விழா எங்கே நடந்தது? இருபது வருடம் இடமே இல்லாமல் இருந்திருக்க முடியாதே.

ஏட்டுக்கட்டு:

அரசினர் தோட்டத்தில் இருந்த விருந்து மண்டபத்தில். இன்று அதை ராஜாஜி மண்டபம் என்கிறோம். 1802இல் கட்டி முடித்த அந்த மண்டபம் கிரேக்கக் கோயில் வடிவத்தில், உயர்ந்த படிக்கட்டும் தூண்களுமாக நிற்கும். பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் கம்பெனிப் படை பெற்ற வெற்றிகளின் நினைவாக எழுந்த மண்டபம் அது. போர் வெற்றியின் நினைவுக் கூடத்தில் நின்றுதான் நம் முதல் பட்டதாரிகள் பட்டம் வாங்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். செனட் மாளிகை 1879இல் முடிந்த பிறகுதான் கல்விக்கென்றே ஒரு மண்டபம் கிடைத்தது.

யாழ் வாசகி:

முதல் பட்டதாரிகள் என்று சொன்னதும் இடையில் வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1858இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரும் எங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற மிஷன் கல்லூரியோடு தொடர்புடையவர்கள். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து எடுத்து அச்சில் ஏற்றிய அதே தாமோதரம்பிள்ளைதான்.

செனட் மாளிகைக்கு அடித்தளம் தோண்டும் முன்பே அவர்கள் பட்டதாரிகள். கடலுக்கு இந்தப் பக்கம் வளர்ந்த எனக்கு, அந்தக் கட்டடம் அந்நியமாகவே தோன்றுவதில்லை. அம்மம்மா சொல்வதுண்டு, "சென்னையில் பட்டம்" என்றால் ஊரே எழுந்து நிற்குமாம்.

கல்வளைவு:

கட்டடத்தைப் பற்றியும் பேசுவோம். நான் கட்டடக்கலை படித்தவன். மாணவனாக இருந்தபோது இந்தக் கட்டடத்தின் முன் உட்கார்ந்து வரைந்த தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

1864இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் மாளிகைக்கும் அரசு வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. வென்றவர் ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக்கலைஞர். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. கல்லூரி 1867இல் தொடங்கி 1870இல் முடிந்தது. செனட் மாளிகையோ 1874இல்தான் தொடங்கியது. முடிய 1879 ஆயிற்று. ஒரே போட்டி, ஒரே ஆள், ஒரே கடற்கரை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரு கை செய்ததென்று நம்பவே முடியாது. மாநிலக் கல்லூரி இத்தாலிய மாளிகைகளின் சாயல் கொண்டது. (அதன் மேல் இப்போது தெரியும் கடிகாரக் குவிமாடம் சிஷோமுடையது அன்று, 1940இல் வைத்தது. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) செனட் மாளிகையோ அரை வட்ட வளைவுகளும் செதுக்கிய தூண் தலைகளும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் குவிமாடக் கோபுரங்களுமாக வேறோர் உலகம்.

இடையில் அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது? என் வரையில் செனட் மாளிகையின் வரலாறே அந்த இடைவெளிதான்.

1866 முதல் 1872 வரை இங்கே ஆளுநராக இருந்தவர் நேப்பியர் பிரபு. நடையர் ஐயா நடையைத் தொடங்கும் பாலம் இவர் பெயரால்தான் வழங்குகிறது. இந்த நாட்டில் கட்டும்போது இந்த நாட்டின் கட்டடங்களிடம் கற்றுக்கொண்டு கட்ட வேண்டும் என்பதை வெளிப்படையாகப் பேசிய ஆளுநர் அவர். மதுரைத் திருமலை நாயக்கர் மகால் சிதைந்து கிடந்தபோது அதைச் செப்பனிட முன்வந்தவரும் அவரே. அந்த வேலை சிஷோமிடம் வந்தது. நாயக்கர் மகாலின் வளைவுகளை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயில் கட்டும் மரபும் சுல்தானியர் மரபும் ஒன்றோடொன்று பிணைந்து, எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாமல் நிற்கும். அதைப் பழுது பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு வளைவும் எப்படி நிற்கிறது, சுதை எப்படி ஒட்டியிருக்கிறது என்று தொட்டுத் தொட்டுக் கற்க வேண்டும். பழுது பார்ப்பதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஒரு கட்டடக்கலைஞனுக்கு இல்லை.

அடுத்து, சேப்பாக்கம் அரண்மனை. 1768 வாக்கில் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்தது. அரசின் கைக்கு வந்த பின் அதன் இரண்டு மகால்களான ஹுமாயூன் மகாலையும் கல்சா மகாலையும் இணைத்துக் கோபுரம் கட்டியவர் சிஷோம். அந்த அரண்மனைக்குப் பக்கத்தில்தான் செனட் மாளிகை எழ வேண்டும். பக்கத்து வீட்டோடு பேசாத வீட்டை அவர் கட்ட விரும்பவில்லை.

1864இல் போட்டியில் வென்றவரும் 1874இல் கட்டத் தொடங்கியவரும் பெயரில்தான் ஒருவர். நடுவில் பத்து வருடம் இந்த மண்ணிடம் பாடம் படித்திருந்தார்.

மண்வாசனை:

கல்வளைவு எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் ஓர் இடத்தில் உடன்பட முடியவில்லை.

"அரசின் கைக்கு வந்த பின்" என்று எத்தனை எளிதாகக் கடந்துவிட்டீர்கள்! 1855இல் நவாப் வாரிசின்றி இறந்தார். வாரிசில்லை என்று சொல்லி நவாப் பட்டத்தையே நீக்கினார்கள். அரண்மனை ஏலத்துக்குப் போனது, அரசே அதை எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பத்தை வெளியேற்றிவிட்டு, அந்தக் குடும்பத்தின் வீட்டுக் குவிமாடத்தைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொரு குவிமாடம் எழுப்புவதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது? "பழைய அரசனின் இடத்தில் இப்போது நாங்கள் இருக்கிறோம்" என்ற அறிவிப்பாகத்தான் எனக்குத் தெரிகிறது. "இந்தோ-சாரசெனிக்" என்று இந்தப் பாணிக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லும்போதே எனக்கு ஒவ்வாது. சாரசென் என்பது ஐரோப்பியர்கள் சிலுவைப் போர்க் காலத்தில் முஸ்லிம்களைக் குறித்த சொல். நம் ஊர்க் கட்டடத்துக்கு அந்தப் பெயர் எதற்கு?

கல்வளைவு:

நவாப் குடும்பத்துக்கு நேர்ந்ததை நான் மறைக்க எண்ணவில்லை. நீங்கள் எடுத்துச் சொன்னது நியாயம். அந்த வரியை நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். பெயரும் எனக்குப் பிடித்தமானதன்று. அதிலும் செனட் மாளிகைக்கு அது பொருந்தவே இல்லை. தடித்த தூண்களையும் அரை வட்ட வளைவுகளையும் பார்த்தால் பைசாந்தியம் எனப்படும் பழைய கிழக்கு ரோமப் பேரரசின் கட்டடங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். குவிமாடம் தக்காண சுல்தான்களை நினைவூட்டும். நிழல் தாழ்வாரம் நம்முடையது. எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடைத்தால் எதையும் பார்க்க முடியாது.

ஆனால் அறிவிப்பு மட்டும்தான் அது என்பதை ஏற்க மாட்டேன். 1857இல் பிறந்த மூன்று பல்கலைக்கழகங்களும் தமக்கென்று ஒவ்வொரு மண்டபம் கட்டிக்கொண்டன. கல்கத்தா கிரேக்கத் தூண்களை வரிசையாக நிறுத்தியது. பம்பாய், லண்டனில் இருந்த கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட்டிடம் வரைபடம் வாங்கி பிரெஞ்சு கோதிக் பாணியில் கட்டியது. ஸ்காட் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. அங்குள்ள மணிக்கூண்டான ராஜாபாய் கோபுரமும் அவர் வரைந்ததே. மிக அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் ஐரோப்பாவில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சென்னையின் மண்டபத்தை அப்படி வேறெங்கும் கொண்டுபோய் வைக்க முடியாது. மூன்றில் ஒன்றாவது தான் நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்ததே, அதைத்தான் நான் போற்றுகிறேன்.

மண்வாசனை:

ஒப்பீடு என்னை யோசிக்க வைக்கிறது. கட்டடம் இடத்தைப் பார்த்தது, சரி. கட்டியவர்கள் இடத்துக்கு உரியவர்களைப் பார்த்தார்களா என்பதே என் கேள்வி. அது அப்படியே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்தே பேத்திக்குச் சொல்லுங்கள் ஐயா.

யாழ் வாசகி:

கல்கத்தாவின் கிரேக்கத் தூண்கள் இன்னும் இருக்கின்றனவா?

ஏட்டுக்கட்டு:

இல்லை அம்மா. 1960இல் இடித்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்று நூறு வயதைத் தொடாத மண்டபத்தை இடித்தார்கள். சென்னையிலும் நூற்றாண்டு மண்டபம் எழுந்தது, பட்டமளிப்பு விழா அங்கே இடம் மாறியது. ஆனால் செனட் மாளிகை மேல் கை வைக்கவில்லை. அந்தக் காலத்தில் பழைய கட்டடங்களை யார் மதித்தார்கள்? தப்பியது நம் நல்வினை.

பழைய நூலகர்:

பணி ஓய்வு பெற்ற நூலகன் நான். இத்தனை பேர் பேசியும் ஒருவர்கூட நூலகத்தைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எஸ். ஆர். அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது நூலகத்துக்குச் சொந்த இடமில்லை. கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டியிருந்தது. 1928இல் அங்கிருந்து செனட் மாளிகைக்கு வந்தது. கடற்கரையில் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு 1936இல் போனது. இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1931இல் நூலகத்தின் ஐந்து விதிகளை அரங்கநாதன் அச்சில் வெளியிட்டார். 1933இல் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் முதல் பாடமாகப் படிக்கும் கருத்துகள் அவை. "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்ற முதல் விதியை அவர் எழுதிய நாட்களில் அவருடைய நூல்கள் செனட் மாளிகையில்தான் அடுக்கப்பட்டிருந்தன.

பட்டமளிப்புக்கென்று கட்டிய மண்டபத்தில் அதற்குமுன் ஆண்டுக்குச் சில நாட்களே கூட்டம் இருந்தது. நூலகம் வந்த பிறகுதான் அங்கே அன்றாடம் படிப்பு நடந்தது என்று நான் பெருமையோடு சொல்வேன். வகுப்பறை இல்லை என்று குழந்தை வருத்தப்பட்டால், இதைச் சொல்லுங்கள்.

ஏட்டுக்கட்டு:

நூலகர் ஐயா சொன்ன அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1937இல் புதிய சட்டத்தின்படி தேர்தல் முடிந்து ராஜாஜி அமைச்சரவை அமைந்தபோது, சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது செனட் மாளிகையில்தான். அடுத்த ஆண்டு விருந்து மண்டபத்துக்கு மாறியது. பட்டமளிப்பு அங்கிருந்து இங்கே வந்தது, சட்டமன்றம் இங்கிருந்து அங்கே போனது.

சேப்பாக்கம் நடையர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை போய் நின்று, நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சந்தேகம். கடலுக்கு நேர் எதிரே இருக்கிறது. உப்புக் காற்றில் என் வீட்டு ஜன்னல் கம்பி பத்து வருடம் தாங்குவதில்லை. 145 வருடத்துக்கும் மேலாக இது எப்படி நிற்கிறது?

கரணை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலை எனக்கு. அப்பாவும் தாத்தாவும் கொத்து வேலை செய்தவர்கள்.

கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து செங்கல்லுக்குள் இறங்கும். கீழேயிருந்தும் ஓதம் ஏறும். வெயில் வந்ததும் நீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளரச் செங்கல்லை உள்ளிருந்து நெருக்கும். முகம் பொரிந்து பொடியாக உதிரும். கடலோர வீடுகளில் சுவர் ஓரம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

அந்தக் காலத்தில் இங்கே சிமென்ட் வழக்கத்தில் இல்லை, சுண்ணாம்புதான். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து, மாடு பூட்டிய கல் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுப் புளிக்க வைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் பளபளக்கும் வரை தேய்ப்பார்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெள்ளைக்காரர்கள் சலவைக்கல் என்றே நினைத்தார்களாம். என் தாத்தா உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் வேலையை ஒப்புக்கொள்வார், கண்ணை நம்ப மாட்டார்.

சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. அது மூச்சு விடும். உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பும் அதோடு வந்து பூச்சில்தான் படியும். பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் போதும். அதற்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும். பூச்சு நன்றாக நிற்கும், பின்னால் இருக்கும் செங்கல் மாவாகும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய வீட்டுச் சுவருக்கு நானே சிமென்ட் பூசினேன். வீட்டுக்காரர் உறுதியாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆறு வருடம் கழித்து அந்தச் சுவரைத் திறந்தபோது செங்கல்லைக் கையால் அள்ளினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதன் பிறகு ஒரு பழஞ்சுவரின் மேலும் நான் சிமென்ட் வைத்ததில்லை.

செனட் மாளிகையைப் பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி பழம் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் துணையோடு புதுப்பித்தார்கள். அது முடிந்ததோடு தீர்ந்துவிடாது. கடல் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை.

கல்வளைவு:

இந்த இழையில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது கரணை அவர்களின் பதிவுதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கூடத்தின் பக்கங்களில் ஓடும் தூண் தாழ்வாரங்களை அழகுக்கென்று எண்ணிவிடக் கூடாது. வெயில் கூடத்தின் சுவரைத் தொடும் முன் தாழ்வாரத்தில் நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். மின்விசிறி இல்லாத காலத்தில், கறுப்பு அங்கி அணிந்து நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த கூடம் அது.

மண்வாசனை:

கரணை அவர்களே, உங்கள் தாத்தாவின் உள்ளங்கையைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. சிஷோம், நேப்பியர், ஸ்காட் என்று இவ்வளவு பெயர்கள் சொன்னோம். செங்கல் அடுக்கியவர், தூண் தலை செதுக்கியவர், செக்கில் மாட்டை ஓட்டியவர் பெயர் ஒன்றுகூடச் சொல்லவில்லை. எதிரே நிற்கும் உழைப்பாளர் சிலையைத்தான் அவர்களுக்கானதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அதை 1959இல் அமைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்தவர். அதே பள்ளியை 1877 முதல் 1883 வரை நடத்தியவர் சிஷோம். செனட் மாளிகை கட்டி முடிந்தது அந்த வருடங்களில்தான்.

கரணை:

இது எனக்குத் தெரியாது. நன்றி. இனி அந்தச் சிலையை அந்த எண்ணத்தோடுதான் பார்ப்பேன்.

சேப்பாக்கம் நடையர்:

நேற்று மாலை பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நவாப் வீட்டுக் கதையையும் விடவில்லை. தேர்வு எழுத மட்டும் ஒரு கட்டடமா என்று முதலில் முகம் சுளித்தாள். நூலகம் இருந்தது என்றதும் சமாதானமானாள். சுண்ணாம்பு மூச்சு விடும் என்பதைத்தான் நம்ப மறுக்கிறாள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு உழைப்பாளர் சிலை அருகில் இருப்போம். சூரியன் கடலிலிருந்து எழுந்து நேராகக் கோபுரங்களின் மேல் விழும் நேரம் அது. வர முடிந்தவர்கள் வாருங்கள்.

கல்வளைவு:

வருகிறேன் ஐயா. பழைய வரைபடத் தாள்களையும் கொண்டு வருகிறேன்.

கரணை:

நானும் வருகிறேன். சுண்ணாம்புப் பூச்சு ஒரு துண்டு, சிமென்ட் பூச்சு ஒரு துண்டு, ஒரு குப்பி தண்ணீர் எடுத்து வருகிறேன். குழந்தை தானே ஊற்றிப் பார்க்கட்டும்.